நான் ஏன் உங்களுக்குப் பொருத்தமானவள்

கோம்பை,
8 டிசம்பர் 2024

ஓவியாவுக்கு,

இது நான் உனக்கு எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் வந்து சேர்ந்தனவா, வார்டன் எடுத்து வைத்துக்கொண்டாரா, நீயே கிழித்துப் போட்டாயா, எதுவும் தெரியாது. உங்கள் மில் ஹாஸ்டலில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்று உன் அப்பா சொன்னார். விட்டாலும் என் நம்பரைப் பார்த்தால் நீ எடுக்க மாட்டாய். அதனால்தான் காகிதம்.

முகவரி கொடுத்ததும் முத்துராஜா மாமாதான். தெருவில் எங்கள் வீட்டாளுகளிடம் முகம் கொடுக்கிற ஒரே மனுஷன் உன் அப்பாதான். பேசினார் என்று சொல்ல முடியாது. கேட்டேன், ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார், உள்ளே போய்விட்டார்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரு தாண்டி இருக்கிறதே அந்தப் பல்கலைக்கழகம், அதற்கு விண்ணப்பம் திறந்திருக்கிறார்கள். நாம் இரண்டு பேரும் சேர்ந்து போட வேண்டும் என்று பிளஸ் டூ முழுக்கப் பேசினோமே, அதேதான். தேர்வாகிவிட்டால் படிப்பு, தங்குவது, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நான் மட்டும் அல்லிநகரத்துக்குப் போய் சுரேஷ்கண்ணன் சாரைப் பார்த்தேன். அவருடைய பயிற்சி மையத்தில் இந்த வருஷமும் இலவசமாகத்தான் விண்ணப்பம் போட்டுத் தருகிறார்.

மார்க் எல்லாம் போதும். ஒரு கட்டுரை கேட்கிறார்கள். "இந்தப் பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் ஏன் பொருத்தமானவர்?" அதுதான் தலைப்பு. நான் எழுதிக்கொண்டு போனதை சார் படித்துவிட்டு மேஜையில் வைத்தார். "இத யாரு வேணாலும் எழுதலாம்மா. ஒனக்குன்னு ஒண்ணு நடந்திருக்குல்ல. அத எழுது" என்றார்.

எதைச் சொன்னார் என்று உனக்குத் தெரியும். என் அப்பா ஓட்டிய ஜீப் கம்பம் மெட்டுச் சாலையில் கவிழ்ந்ததை. ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த மூன்று பெண்கள் அதில் இறந்ததை. அவர்களில் ஒருவர் உன் அம்மா, என் அய்யம்மாள் அத்தை. உனக்கே இதை எழுதிச் சொல்வது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் கேட்கும்போது எதைக் கேட்கிறேன் என்று முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

எழுதட்டுமா? அத்தை பேரைப் போட மாட்டேன். நீ வேண்டாம் என்றால் எழுத மாட்டேன்.

பாண்டீஸ்வரி


வேடசந்தூர்,
17 டிசம்பர் 2024

பாண்டீஸ்வரிக்கு,

மூன்றும் வந்தன. முதல் இரண்டைப் பிரிக்கவில்லை. மூன்றாவதை வார்டன் பிரித்துப் படித்துவிட்டு, சாப்பாட்டு வரிசையில் எல்லோருக்கும் முன்னால் "என்ன ஜீப்பு, என்ன காலேஜு?" என்று கேட்டார். அதனால் படிக்க வேண்டியதாயிற்று.

எழுதாதே.

பேர் போட மாட்டேன் என்கிறாய். பேர் இல்லாவிட்டால் அது யார்? தோட்ட வேலைக்குப் போய்ச் செத்த ஒரு பொம்பளை. எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் அதைப் படித்து உச்சுக்கொட்டுவார். உச்சுக்கொட்டிவிட்டு உனக்கு ஒரு கட்டிலும் ஒரு மேஜையும் கொடுப்பார். எங்கள் அம்மா அதற்காகச் சாகவில்லை. எதற்காகவும் சாகவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

அத்தனை பேரை அந்த ஜீப்பில் அடைக்கும்போது உன் அப்பா யாரையும் கேட்கவில்லை. நீ கேட்டிருக்கிறாய். அந்த மட்டுக்கும் சரி.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நூல் அறுந்தால் ஒட்ட வேண்டும், அதுதான் வேலை. மிஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஓவியா


கோம்பை,
26 டிசம்பர் 2024

ஓவியாவுக்கு,

எழுத மாட்டேன். சாரிடமும் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதற்குப் பிறகு என்னென்னவோ எழுதிப் பார்த்தேன். "நான் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பிறந்தேன்" என்று ஆரம்பித்தேன். "இங்கன பொறந்த எல்லாருமே அப்படித்தானம்மா பொறந்தாக" என்றார் சார். ஓடைப்பட்டித் திராட்சையைப் பற்றி எழுதினேன். வேளாண்மை ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கிறதாம். தலைமைப் பண்பைப் பற்றி எழுதச் சொல்லி ஒரு வீடியோவில் சொன்னார்கள். நான் எதற்குத் தலைமை தாங்கினேன் என்று யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் தண்ணீர்த் தொட்டி கழுவும் நாளில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினேன். அன்றைக்கும் நீதான் குழாயைத் திறந்தாய்.

அப்பா வீட்டில்தான் இருக்கிறார். லைசென்ஸ் போய்விட்டது, கேஸ் நடக்கிறது. டிவியைப் போட்டுச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பார். முந்தாநாள் நான் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னாத்தா எழுதுற?"

"காலேஜுக்குப்பா. நான் அந்தக் காலேஜுக்கு ஏன் பொருத்தம்னு எழுதணும்."

"காலேஜுக்குமா பொருத்தம் பாக்குறாக? நட்சத்திரம் கேக்குறாகளா?"

அடுப்படியில் இருந்த அம்மா சிரித்துவிட்டாள். எவ்வளவு நாளைக்குப் பிறகு அவள் சிரித்துக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சிரித்ததும் யாருக்கும் கேட்டிருக்குமோ என்று தெருப்பக்கம் பார்த்தாள்.

அப்பா அதற்குப் பிறகுதான் கேட்டார்.

"ஜீப்பப் பத்தி எழுதுறியா?"

"இல்லப்பா."

"எழுதுனா ஓட்டுனது எங்கப்பான்னு எழுது. பிரேக்கு பிடிக்கலன்னு மட்டும் எழுதிராத. வக்கீலு அப்படித்தான் சொல்லச் சொல்றாரு. பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஆளு கூடிப்போச்சு. அந்த வளைவுல பாரம் ஒரு பக்கமாச் சாஞ்சதும் எனக்கு வண்டி நிக்கல."

இதை உன்னிடம் சொல்ல வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்பா உன்னிடம் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். வார்டனும் படிப்பார், படிக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ ஏன் விண்ணப்பம் போடக் கூடாது? ஜனவரி கடைசி வரைக்கும் நேரம் இருக்கிறது. நம் இரண்டு பேரில் உனக்குத்தான் இங்கிலீஷ் நன்றாக வரும். அந்தப் பல்கலைக்கழகத்தின் பேரை முதலில் கண்டுபிடித்ததே நீதான்.

பாண்டீஸ்வரி


வேடசந்தூர்,
5 ஜனவரி 2025

பாண்டீஸ்வரிக்கு,

பிரேக் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். உன் அப்பா மேல் எனக்கு இருப்பது ஊரில் எல்லோருக்கும் இருக்கிற கோபம்தான். அது தன்னால் குறையும், கூடும். இப்போது குறைந்திருக்கிறதா கூடியிருக்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை.

உன் மேல் இருப்பது வேறு. அது உனக்குத் தெரியும். நான் படித்த இரண்டு கடிதத்திலும் அதன் பக்கமே நீ போகவில்லை.

அன்றைக்கு நாம் இரண்டு பேரும் அல்லிநகரத்தில் சாரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். தேனி பஸ் ஸ்டாண்டில் நான் ஜன்னல் சீட்டுப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். உனக்குப் போன் வந்தது. கீழே இறங்கிப் பேசினாய். திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். "யாரு?" என்று கேட்டேன். "எங்கம்மா. எப்ப வருவன்னு கேக்குது" என்றாய்.

வீரபாண்டி தாண்டி, சின்னமனூர் தாண்டி, உத்தமபாளையம் தாண்டி, அத்தனை தூரமும் நான் பேசிக்கொண்டே வந்தேன். அந்தக் கட்டுரையில் என்ன எழுதப்போகிறேன் என்று உனக்குச் சொன்னேன். அம்மாவைப் பற்றித்தான் சொன்னேன். அம்மா மாதிரியே பேசிக் காட்டினேன். முன் சீட்டில் இருந்த ஆள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நீயும் சிரித்தாய். சிரித்தாய், பாண்டி.

கோம்பையில் இறங்கியபோது கடைவாசலில் நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதும் எனக்குப் புரியவில்லை. என் கையை நீ பிடித்திருந்தாய். உன் கை ஈரமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் உன் அம்மா ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்தார்கள்.

ஊருக்கே தெரிந்திருந்தது. உனக்கும் தெரிந்திருந்தது. எங்கள் அம்மா செத்துக் கிடக்கும்போது நான் ஒருத்திதான் பஸ்ஸில் கையையும் காலையும் ஆட்டி அதைப் போல நடித்துக் காட்டிக்கொண்டு வந்தேன். இன்றைக்கும் படுத்தால் அந்தப் பஸ்தான் வருகிறது. நான் பேசுவது எனக்கே கேட்கிறது.

அப்போது நீ என்ன நினைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய்? அதை மட்டும் எழுது. மன்னிப்புக் கேட்டு எழுதினால் படிக்க மாட்டேன்.

ஓவியா


கோம்பை,
12 ஜனவரி 2025

ஓவியாவுக்கு,

மன்னிப்புக் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

போனில் அம்மா சொன்னது இதுதான்: "ஜீப்பு கவுந்துருச்சு. அப்பாவுக்கு உசுரு இருக்கு. அய்யம்மா போயிட்டா. ஓவியாகிட்ட சொல்லிராத. பஸ்ஸுல வச்சு அந்தப் புள்ளைக்கு என்னமும் ஆயிரும். பேசாம கூட்டிட்டு வா."

அப்பாவுக்கு உயிர் இருக்கிறது என்பதுதான் எனக்கு முதலில் காதில் விழுந்தது. அம்மா சொன்ன வரிசையும் அதுதான், எனக்கு விழுந்த வரிசையும் அதுதான். அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட பிறகுதான் அத்தை போய்விட்டது உறைத்தது. அந்த மூச்சை இன்று வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

வீரபாண்டியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நீ அப்போதுதான் ஆரம்பித்திருந்தாய். சின்னமனூரில் வாயைத் திறந்தேன். "இரு புள்ள, இத மட்டும் கேளு" என்றாய். அதற்கு மேல் நான் முயற்சி செய்யவில்லை. நீ பேசிக்கொண்டிருக்கும் வரைக்கும் அத்தை இருந்தது. நீ முடிக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்று நினைத்தேன். சிரித்தது நடிப்பு இல்லை. நீ அத்தை மாதிரியே செய்தாய், சிரிப்பு வந்துவிட்டது. இதை நீ எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி.

நீ சொன்னதில் ஒன்றும் எனக்கு மறக்கவில்லை. மறந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்திருக்கிறேன். இப்போது அதை எழுதி அனுப்புகிறேன். இது உன்னுடையது. என்னிடம் இருக்கக் கூடாது.

*

எங்கள் அம்மா மலைக்கு வேலைக்குப் போகும். சாயந்திரம் வந்ததும் "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்கும். நான் சொன்னால் ஒத்துக்கொள்ளாது. "யாரு சொன்னா? அவுகளுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கும். பூமி சுற்றுகிறது என்றேன். "அப்ப எனக்கு ஏன் தலை சுத்தல? ஜீப்பு சுத்துனா சுத்துதே" என்றது. மேகம் என்பது நீராவி என்றேன். "மெட்டுல தினமும் மேகத்துக்குள்ள போயிட்டு வர்றவ நானு. நனைஞ்ச துணிய மூஞ்சில போட்ட மாதிரி இருக்கும். நீ பொஸ்தகத்துல பாத்துட்டு எனக்குச் சொல்றியா" என்றது. மறுநாள் ஆசிரியரிடம் போய்க் கேட்டால், "புக்குல இருக்குல்ல, படி" என்பார். அதை அம்மாவிடம் சொல்ல முடியாது. பன்னிரண்டு வருஷம் படித்தும் எங்கள் அம்மாவை ஒரு தடவைகூட நான் ஜெயித்ததில்லை.

உங்கள் பல்கலைக்கழகத்தில் எதையும் கேள்வி கேட்கலாம் என்று போட்டிருக்கிறீர்கள். எனக்குக் கேட்டுப் பழக்கம் இல்லை. பதில் சொல்ல முடியாமல் நின்று பழக்கம். எங்கள் அம்மாவுக்குச் சொல்லப் பதில் தெரிந்துகொள்ள எனக்கு ஓர் இடம் வேண்டும். அதனால் நான் உங்களுக்குப் பொருத்தமானவள் என்று நினைக்கிறேன்.

*

இவ்வளவுதான். இதை அனுப்பட்டுமா? உன் பேரில். நானும் சாரும் இங்கிலீஷில் மாற்றிவிடுவோம். நீ சரி என்று எழுதினால்தான் செய்வேன்.

பாண்டீஸ்வரி


வேடசந்தூர்,
19 ஜனவரி 2025

பாண்டீஸ்வரிக்கு,

அனுப்பு.

விண்ணப்பத்தில் தாயார் என்ற இடத்தில் காலமானார் என்றுதான் போட வேண்டியிருக்கும். போட்டுக்கொள். கட்டுரையில் கை வைக்காதே. அதில் "கேட்டது" என்று ஒரு இடத்திலும் வரக் கூடாது. "கேட்கும்" என்றே இருக்கட்டும்.

உன் அப்பா உயிரோடு இருப்பதை நினைத்து நீ மூச்சு விட்டதற்காக உன் மேல் கோபப்பட முடியவில்லை. நானாக இருந்தாலும் விட்டிருப்பேன். மற்றதற்குக் கோபம் இருக்கிறது. அது இருக்கும்.

விண்ணப்பத்துக்குக் கையெழுத்துப் போட்ட காகிதம் உள்ளே இருக்கிறது.

ஓவியா


கோம்பை,
2 மார்ச் 2025

ஓவியாவுக்கு,

உன்னை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதினான்காம் தேதி காலையில், கம்ப்யூட்டரில்தான். சார் உங்கள் மில் ஆபீசில் பேசிவிட்டார். ஒரு அறையும் கம்ப்யூட்டரும் தருகிறோம் என்றார்களாம். கூட வார்டன் இருப்பாராம்.

எனக்கு வரவில்லை. திராட்சையும் மலையடிவாரமும் கலந்து ஒன்றை எழுதி அனுப்பியிருந்தேன், முதல் சுற்றிலேயே போய்விட்டது. உனக்குச் சந்தோஷப்பட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பட்டேன். ஆனால் சாரிடம் இதைக் கேட்டுவிட்டு அல்லிநகரத்திலிருந்து திரும்பும்போது உன்னை நினைத்து ஒரு எரிச்சலும் வந்தது. அத்தனை நாள் உட்கார்ந்து என்னைப் பற்றி எழுத ஒன்றும் கிடைக்கவில்லை, பஸ்ஸில் நீ சும்மா பேசிக்கொண்டு வந்தது போதுமாக இருந்திருக்கிறது. எனக்கென்று நடந்தது எதுவும் எனக்குச் சொந்தமில்லை போல இருக்கிறது. இதையும் சொல்லிவிட்டேன்.

சார் ஒரு விஷயம் சொல்லச் சொன்னார். கட்டுரையில் அத்தை இருக்கிறது, விண்ணப்பத்தில் இல்லை. கட்டாயம் கேட்பார்கள். "உள்ளதச் சொல்லிரச் சொல்லு. அழுகை வந்தா அடக்க வேணாம்னு சொல்லு. அவுகளும் மனுஷங்கதான்" என்றார்.

பாண்டீஸ்வரி


வேடசந்தூர்,
16 மார்ச் 2025

பாண்டீஸ்வரிக்கு,

நேர்காணல் முடிந்தது. கேட்பாய் என்று நானே எழுதுகிறேன்.

திரையில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பெண்கள், ஒரு ஆண். அந்த ஆண் இங்கிலீஷ் மட்டும்தான் பேசினார். பெண்களில் ஒருவருக்குத் தமிழ் தெரிந்தது. எனக்குப் பின்னால் வார்டன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

தமிழ் தெரிந்த அம்மா நேராக அதையே கேட்டார்கள். "விண்ணப்பத்துல அம்மா காலமாயிட்டதா போட்டிருக்கு. கட்டுரையில அம்மா தினமும் கேள்வி கேக்குறாங்க. எது சரி?"

"கட்டுரை அம்மா இருக்குன்னு நெனச்சுக்கிட்டுச் சொன்னது மேடம். மாத்த மனசு வரல" என்றேன்.

வருத்தம் தெரிவித்தார்கள். பிறகு, இந்த இழப்பு உன்னை எப்படிப்பட்ட ஆளாக ஆக்கியிருக்கிறது என்று கேட்டார்கள். நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்கள். எனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துதான் இருந்தது. உறுதியாக ஆக்கியது, பொறுப்பு வந்தது, அம்மாவின் கனவை நிறைவேற்ற வேண்டும், இப்படி ஏதாவது. வாயில் வரவில்லை.

"என்னை ஒண்ணும் ஆக்கல மேடம். அம்மா இல்ல. அவ்வளவுதான்" என்றேன்.

அந்த ஆள் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு, எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். மேகத்துக்குள்ளேயே போய் வந்த ஆளைவிட, அதைப் படித்தவர்களுக்கு மேகத்தைப் பற்றி அதிகமாகத் தெரியும் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார்கள். அந்த ஆள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். நெடுநேரம் பேசினார். ஒரு தடவைகூட புக்கில் இருக்கிறது என்று சொல்லவில்லை. உள்ளே இருக்கிறவருக்கு எது தெரியும், எது தெரியாது, தூரத்தில் நிற்கிறவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் நல்ல பதில், பாண்டி. இதைச் சொன்னால் அம்மா என்ன சொல்லும், எங்கே மடக்கும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே கேட்டேன். சாயந்திரம் போனதும் முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

நினைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் கேட்ட எதுவும் என் காதில் ஏறவில்லை. சரி, சரி என்று தலையாட்டினேன்.

வெளியே வந்ததும் வார்டன், "கொஞ்சம் கண்ணு கலங்கியிருக்கலாம்ல. சீட்டுக் குடுத்திருப்பாங்க" என்றார். அவர் கண்தான் கலங்கியிருந்தது.

ஓவியா


கோம்பை,
27 ஏப்ரல் 2025

ஓவியாவுக்கு,

சார் சொல்லியிருப்பார். இல்லையென்றால் என்னிடமிருந்தே தெரிந்துகொள். கிடைக்கவில்லை. "இந்த ஆண்டு எங்கள் திட்டத்துக்கு மிகவும் பொருத்தமான மாணவர்களைத் தேர்வு செய்திருக்கிறோம்" என்று மெயிலில் இருந்தது. எனக்கு வந்ததும் இதே வரிதான். ஒரே ஆள் எழுதி வைத்திருப்பார் போல.

உன் மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன். அழுதிருக்கலாம், ஒரு பொய் சொல்லியிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்று. அப்புறம் உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். நீ பொய் சொல்லியிருந்தால் அந்தக் கட்டுரையை நான் எழுதிக் கொடுத்திருக்கவே வேண்டாம்.

இங்கே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போகிறார். வக்கீல் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார். "பிரேக்குன்னு சொன்னா வெளிய வந்துரலாம்யா" என்றார். அப்பா, "செத்துப்போனவுக வீட்டுக்கு முன்னாடிதான நான் குடியிருக்கேன். வெளிய வந்து எங்க போக?" என்றார். வக்கீல் டீயைக் குடிக்காமல் போய்விட்டார். ஜூனில் தீர்ப்பு. உள்ளேதான் போவார். அம்மா இப்போதே அவருடைய துணிகளைத் தனியாக மடித்து வைக்கிறாள், ஊருக்குப் போகிறவருக்கு வைப்பது மாதிரி.

இந்த மாதம் அப்பா மலைக்கு வேலைக்குப் போகிறார். களை வெட்ட. வேறு ஒருவருடைய ஜீப்பில், கூலிக்காரராக. முதல் நாள் நானும் முக்கு வரைக்கும் கூடப் போனேன். ஜீப்பில் இருந்த பொம்பளைகள் எல்லாம் அப்பாவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அப்பா ஏறவும் இல்லை, திரும்பவும் இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றார். கடைசியில் இருளம்மாள் அக்கா தூக்குவாளியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார்கள். அவர்களுக்கும் அன்றைக்கு ஜீப் கவிழ்ந்ததில் கால் ஒடிந்ததுதானே. அப்பா ஏறிக் குனிந்து உட்கார்ந்தார். அத்தனை பேரும் மலைக்குப் போய்த் திரும்பும் வரைக்கும் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம். இப்போதும் பேசுவதில்லை. இடம் மட்டும் விடுகிறார்கள்.

நான் வீரபாண்டி அரசுக் கலைக் கல்லூரிக்குப் போடப் போகிறேன். உனக்கும் சேர்த்துப் போடட்டுமா? அந்த விண்ணப்பத்தில் பொருத்தம் கேட்கவில்லை. மார்க் மட்டும்தான் கேட்கிறார்கள்.

பாண்டீஸ்வரி


வேடசந்தூர்,
11 மே 2025

பாண்டீஸ்வரிக்கு,

கிடைக்காது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். அந்த ஆள் பேசியதைப் போல இன்னும் யாராவது பேசிக் கேட்க வேண்டும் என்று இருந்தது.

வீரபாண்டிக்குப் போட்டு வை. வருவேனா என்று தெரியாது. அப்பா இன்னும் வேலைக்குப் போக ஆரம்பிக்கவில்லை. மில்லை விட்டுவிட்டு வந்தால் அந்த வீட்டில் சாயந்திரம் என்று ஒன்று வருமே, அதை எப்படிக் கடத்துவது என்று தெரியவில்லை. இங்கே அந்த நேரத்துக்கு நான் மிஷின் முன்னால் நிற்பேன்.

இருபத்தைந்தாம் தேதி அம்மாவுக்கு வருஷத் திதி. நான்கு நாள் லீவு கொடுத்திருக்கிறார்கள். முந்தின நாள் ராத்திரிதான் வந்து சேருவேன்.

உன் அப்பா கோர்ட்டில் சொல்லப் போவது நல்லது. அதற்காக அவர் எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். எங்கள் அப்பா எதுவும் சொல்ல மாட்டார், வாங்க என்றுகூடச் சொல்லிவிடுவார். அவர் அப்படித்தான். ஆனால் உன் அப்பாவுக்கு இலை போட என்னால் முடியாது. அவரிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடு. உன் அம்மா வருவது அவர்கள் இஷ்டம்.

நீ வா. வந்தால் நாம் இரண்டு பேரும் கட்டிப் பிடித்து அழுவோம் என்று நினைத்துக்கொண்டு வராதே. எனக்கு உன்னைப் பார்த்ததும் என்ன தோன்றும் என்று எனக்கே தெரியாது. பேசாமல்கூட இருப்பேன். சித்தி பிரசவத்துக்குப் போயிருக்கிறாள், சமைக்க ஆள் இல்லை. விடிவதற்கு முன்னால் வந்து காய் நறுக்கு. வாழைக்காய் கறுத்துப் போகும், கடைசியில் நறுக்கிக்கொள்ளலாம். அரிவாள்மணை உங்கள் வீட்டிலிருந்தே கொண்டு வா. எங்கள் வீட்டில் இருந்தது எங்கே போனது என்று தெரியவில்லை.

ஓவியா